பல்கலைக்கழக ஆய்விதழ் யாருக்குச் சொந்தம்? நிதி தருபவரின் உரிமை எதுவரை?

அடிக்குறிப்பு

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் துறை நடத்தும் சமூக அறிவியல் ஆய்விதழின் ஆசிரியர் பொறுப்பு இந்த ஆண்டு என்னிடம் வந்திருக்கிறது. அரையாண்டு இதழ். கட்டுரையாளர்களிடமும் கட்டணம் இல்லை, வாசகர்களிடமும் இல்லை. பகுதிநேர உதவியாளரின் சம்பளம், பக்க வடிவமைப்பு, இணையதளச் செலவு எல்லாம் பல்கலைக்கழகம் ஆண்டுதோறும் தரும் மானியத்தில்தான் ஓடுகிறது.

போன வாரம் நிர்வாகத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. மானியத்தைப் புதுப்பிக்க மூன்று நிபந்தனைகள். முதலாவது, ஆண்டு முடிவில் வரவு செலவுக் கணக்கு தர வேண்டும். தாராளமாகத் தரலாம். இரண்டாவது, பல்கலைக்கழக முத்திரை முகப்பில் வர வேண்டும். அதிலும் எனக்கு மறுப்பில்லை. மூன்றாவதில்தான் சிக்கல்: வெளிவரப்போகும் கட்டுரைகளின் தலைப்பையும் சுருக்கத்தையும் வெளியீட்டுக்குப் பதினைந்து நாள் முன்னதாக அலுவலகத்தின் பார்வைக்கு அனுப்ப வேண்டுமாம். கேட்டால், "பார்ப்பதற்குத்தான், எதையும் தடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.

அடுத்த இதழில், உயர்கல்வி நிறுவனங்கள் ஒப்பந்த ஆசிரியர்களை எப்படி நடத்துகின்றன என்று ஒரு கட்டுரை வருகிறது. ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிறுவனங்களில் எங்களுடையதும் ஒன்று. இதழைத் தொடங்கியபோது போட்ட ஆவணம் ஏதாவது இருக்குமா என்று பழைய கோப்புகளை எல்லாம் புரட்டிவிட்டேன். எதுவும் அகப்படவில்லை. சட்டப்படி இதழ் யாருடையது? இந்த மூன்றாவது நிபந்தனையை எப்படி எதிர்கொள்வது? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மெய்ப்புத்திருத்தி

அனுப்பாதீர்கள். முதல் தடவை அனுப்பிவிட்டால் அடுத்த ஆண்டு அதுவே வழக்கமாகிவிடும். அதற்கடுத்த ஆண்டு, "இந்தக் கட்டுரையை அடுத்த இதழுக்குத் தள்ளி வைக்கலாமே" என்று யாராவது தொலைபேசியில் சொல்வார்கள். கட்டுரையைத் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை, தாமதப்படுத்தினாலே போதும்.

நீங்கள் பிடித்துக்கொள்ள நல்ல ஆதாரம் ஒன்று இருக்கிறது. மருத்துவ இதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்திருக்கும் விதிகளைப் படியுங்கள். மருத்துவத்துக்காக எழுதியவைதான், ஆனால் எந்தத் துறை இதழுக்கும் பொருந்தும். ஆசிரியரை நியமிக்கவும் நீக்கவும் உரிமையாளருக்கு உரிமை உண்டு என்று அதில் ஒப்புக்கொள்கிறார்கள். அதே மூச்சில், எதை வெளியிடுவது, எப்போது வெளியிடுவது என்பதில் முழு அதிகாரமும் ஆசிரியருக்கே என்றும், தனித்தனிக் கட்டுரைகளின் மதிப்பீட்டிலோ தேர்விலோ கால அட்டவணையிலோ உரிமையாளர் தலையிடக் கூடாது என்றும் சொல்கிறார்கள். ஆசிரியருக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் வேண்டும், தகராறு வந்தால் தீர்க்கும் வழியும் அதில் இருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் வருகிறது. உங்களிடம் அப்படி ஒரு ஒப்பந்தம் இருக்கிறதா?

அடிக்குறிப்பு

ஒப்பந்தம் எதுவும் இல்லை. துறைத் தலைவர் கையெழுத்திட்ட ஒரு பக்க நியமனக் கடிதம் மட்டும்தான். அதில் பதவிக்காலம்கூட இல்லை.

எண்கோணம்

நான் கணிதத்துறைக்காரன். எங்கள் பக்கம் இந்தப் பாடத்தை அடிபட்டுத்தான் கற்றார்கள். 'டோப்பாலஜி' என்றொரு இதழ். 1960-களின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டு கணிதர்கள் ஆரம்பித்தது. பல ஆண்டுகள் அங்கிருந்தே நடத்தினார்கள். பார்ப்பவர்களுக்கு அது ஆக்ஸ்ஃபோர்டு இதழாகத்தான் தெரியும். ஆனால் பெயர் பதிப்பகத்தின் கையில் இருந்தது; முதலில் பெர்கமான், பிறகு எல்செவியர். சந்தா விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்த்துவிட்டு, 2006-ல் ஆசிரியர் குழு மொத்தமும் விலகியது. லண்டன் கணிதக் கழகத்தின் துணையோடு 'ஜர்னல் ஆஃப் டோப்பாலஜி' என்ற புது இதழை 2008-ல் கொண்டுவந்தார்கள். அறிவும் உழைப்பும் நற்பெயரும் இவர்களுடையவை. ஆனாலும் பழைய பெயரை எடுத்துக்கொண்டு வெளியேற முடியவில்லை.

மொழியியலில் 'லிங்குவா' 2015-ல் இதே பாதையில்தான் போனது. ஆசிரியர்களும் குழுவினரும் ஒட்டுமொத்தமாக விலகி 'க்ளோஸா'வைத் தொடங்கினார்கள். அவர்கள் வைத்த கோரிக்கைகளில் ஒன்று, இதழின் உரிமையைத் தங்களுக்கு மாற்றித் தர வேண்டும் என்பது. எல்செவியர் மறுத்துவிட்டது.

அதனால் அடிக்குறிப்பு சார், முதலில் பெயர் யாருடையது என்று பாருங்கள். வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருக்கிறதா, யார் பெயரில்? ஐஎஸ்எஸ்என் எண் இருந்தால் போதும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது இதழை அடையாளம் காண்பதற்கான எண் மட்டும்தான். தலைப்பின் மீது யாருக்கும் அது உரிமை தராது.

நூலகத்தூண்

எண்கோணம் சொல்வது வணிகப் பதிப்பகத்துக்குச் சரி. பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்துவிட்டால் எல்லாம் பத்திரம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் 'தி சைனா குவார்ட்டர்லி' கதையைச் சொல்வேன். உரிமை, பணம், சுதந்திரம் மூன்றும் எப்படித் தனித்தனியாக நகர்கின்றன என்பதை அந்த ஒரே இதழில் பார்க்கலாம்.

1960-ல் லண்டனில் தொடங்கிய இதழ். முதல் ஆசிரியர் ராடரிக் மெக்ஃபார்குஹர். ஆரம்ப ஆண்டுகளில் பணம் பண்பாட்டுச் சுதந்திரத்துக்கான காங்கிரஸ் என்ற அமைப்பிடமிருந்து வந்தது. அந்த அமைப்புக்கு மறைமுகமாக நிதி கொடுத்தது அமெரிக்க உளவு நிறுவனமான சிஐஏ என்பது 1966, 1967-ல் அம்பலமானது. 1968-ல் இதழ் லண்டன் பல்கலைக்கழகத்தின் சோயாஸ் நிறுவனத்துக்கு மாறியது. அன்றிலிருந்து சீன ஆய்வில் அதற்கு இருக்கும் மதிப்பைச் சொல்லவே வேண்டாம்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வந்தாயிற்று, பிரச்சினை தீர்ந்ததா? இதழ் சோயாஸுடையது, வெளியிடுவது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம். 2017 ஆகஸ்டில், சீனாவின் இறக்குமதி முகமை ஒன்று கேட்டதற்காக, இதழின் 300-க்கும் மேற்பட்ட கட்டுரைகளையும் நூல் மதிப்புரைகளையும் சீனாவிலிருந்து திறக்க முடியாதபடி கேம்பிரிட்ஜ் மறைத்தது. தியானன்மென், திபெத், சிஞ்சியாங், தைவான், பண்பாட்டுப் புரட்சி என்று எந்தெந்தத் தலைப்புகள் என ஊகிப்பது கடினமில்லை. இது ஆசிரியர் எடுத்த முடிவு அல்ல. அன்றைய ஆசிரியர் டிம் பிரிங்கிள் பகிரங்கமாகவே கவலை தெரிவித்தார். உலகெங்கும் ஆய்வாளர்கள் எதிர்த்ததும், ஆகஸ்ட் 21 அன்று எல்லாவற்றையும் திரும்பத் திறந்துவிட்டார்கள்.

ஆசிரியர் எந்தக் கட்டுரையையும் நிராகரிக்கவில்லை, உரிமையாளரும் எதையும் தடுக்கவில்லை. சர்வர் யார் கையில் இருந்ததோ அவர் ஒரு பொத்தானை அழுத்தினார். அதனால் உங்கள் தளத்தின் நிர்வாகக் கடவுச்சொல் யாரிடம் இருக்கிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

கடைசிப்பக்கம்

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் நான் மறுபக்கத்தையும் சொல்கிறேன். நான் ஆசிரியர் குழுவில் இருந்தவன், நிர்வாகக் குழுவிலும் இருந்தவன்.

பல்கலைக்கழகத்தின் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இதழுக்குத் தனியாகச் சட்ட உருவம் இல்லை என்றால், அவதூறு வழக்கு வந்தால் நோட்டீஸ் ஆசிரியரோடு பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். பணம் பொதுப் பணம், அதற்குக் கணக்குக் கேட்பதில் தவறில்லை. இன்னொன்றும் உண்டு, யாரும் அதிகம் பேச விரும்பாதது: பல்கலைக்கழக இதழ்களின் சுதந்திரத்தை வெளியிலிருந்து யாரும் பறிக்கத் தேவையே இல்லாமல், உள்ளேயே விற்றுத் தீர்த்துவிடுகிறோம். துறை ஆசிரியர்களின் கட்டுரை, அவர்களுடைய மாணவர்களின் கட்டுரை, பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைகிறது என்று வருபவரின் கட்டுரை. மதிப்பாய்வுக்கு அனுப்புவது பக்கத்து அறைக்கு.

சின்ன இதழ்களில் மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். பொருளியலில் உச்சத்தில் இருக்கும் ஐந்து இதழ்களில் இரண்டு, பல்கலைக்கழகங்களோடு ஒட்டிப் பிறந்தவை. 'குவார்ட்டர்லி ஜர்னல் ஆஃப் எகனாமிக்ஸ்' ஹார்வர்டு பொருளியல் துறையிலிருந்து வருகிறது. 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் எகானமி' சிகாகோவுடையது. முதலாவதில் ஹார்வர்டு, எம்ஐடி ஆட்களின் பங்கும், இரண்டாவதில் சிகாகோ ஆட்களின் பங்கும் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று ஜேம்ஸ் ஹெக்மன் தன் சக ஆய்வாளரோடு 2020-ல் எழுதிய கட்டுரையே காட்டியது. ஹெக்மன் நோபல் பரிசு வாங்கியவர், சிகாகோக்காரர். தன் வீட்டு இதழையும் சேர்த்துத்தான் எழுதினார்.

யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே இதற்கு ஒரு வரம்பே வைத்திருக்கிறது. ஆசிரியர்கள், குழுவினர், மதிப்பாய்வாளர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் அண்மைய இரண்டு இதழ்களில் எதிலும் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அடிக்குறிப்பு, உங்கள் கடைசி இரண்டு இதழ்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். தாண்டியிருந்தால், நிர்வாகத்திடம் சுதந்திரம் பற்றிப் பேசப் போகும்போது அவர்கள் முதலில் அதைத்தான் மேசையில் வைப்பார்கள்.

மெய்ப்புத்திருத்தி

கடைசிப்பக்கம் ஐயா, வழக்கு பற்றிய பயம் உண்மைதான். அதற்கு மருந்து கட்டுரைச் சுருக்கத்தை நிர்வாகத்துக்கு அனுப்புவதல்ல. சந்தேகம் வரும்போது ஆசிரியரே ஒரு வழக்கறிஞரிடம் காட்டட்டும், அந்தச் செலவை மானியத்தில் ஒரு தலைப்பாகச் சேர்க்கட்டும். வழக்கறிஞர் சொல்வது ஆலோசனை, முடிவு ஆசிரியருடையது.

பெரிய இதழ்களே இதைத் தாமதமாகத்தான் கற்றன. 1999 ஜனவரியில் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் 'ஜாமா' இதழின் ஆசிரியர் ஜார்ஜ் லண்ட்பெர்க்கை நீக்கியது. பதினேழு ஆண்டுகள் ஆசிரியராக இருந்தவர். அதிபர் கிளிண்டன் மீதான பதவி நீக்க விசாரணை நடந்துகொண்டிருந்த நேரத்தில், எதைப் பாலுறவு என்று மாணவர்கள் கருதுகிறார்கள் என்ற கருத்துக்கணிப்பை வெளியிட்டு, இதழை அரசியலுக்குள் இழுத்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. பெரிய கண்டனம் எழுந்தது. அதன் பிறகுதான் ஆசிரியருக்கும் சங்க நிர்வாகத்துக்கும் நடுவே ஏழு பேர் கொண்ட மேற்பார்வைக் குழுவை அமைத்தார்கள்.

கனடாவில் 2006-ல், அங்குள்ள மருத்துவச் சங்கத்தின் இதழான 'சிஎம்ஏஜே'யின் ஆசிரியர் ஜான் ஹோயையும் மூத்த துணை ஆசிரியரையும் நீக்கினார்கள். ஆசிரியர் குழுவில் பெரும்பாலோர் விலகினார்கள். அதற்குச் சில மாதம் முன்புதான், அவசரக் கருத்தடை மாத்திரை வாங்கப் போன பெண்களிடம் மருந்துக்கடைக்காரர்கள் கேட்ட கேள்விகள் பற்றிய செய்திக் கட்டுரையில் உரிமையாளர் தலையிட்டதாகப் பிரச்சினை எழுந்திருந்தது. கவனியுங்கள், அங்கே ஏற்கெனவே ஒரு மேற்பார்வைக் குழு இருந்தது. நெருக்கடி வந்தபோது அது கைகொடுக்கவில்லை. குழு என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது. அதைக் கேட்காமல் ஆசிரியரை நீக்க முடியாது என்ற நிலை வேண்டும்.

என்னைக் கேட்டால், இதழின் சுதந்திரத்தை அளக்க ஒரே கேள்வி போதும்: ஆசிரியரை யார், என்ன காரணத்துக்காக, யாரைக் கேட்டுவிட்டு நீக்க முடியும்?

தொகுப்பாளர்

காகிதங்களைப் பற்றி எண்கோணமும் கடவுச்சொல் பற்றி நூலகத்தூண் அக்காவும் சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இதழின் இணைய முகவரி, அதைத் தொடங்கிய பேராசிரியரின் சொந்த மின்னஞ்சலில் பதிவாகியிருந்தது. அவர் ஓய்வு பெற்றார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்புகள் யாரும் திறக்காத அஞ்சல் பெட்டியில் குவிந்தன. முகவரி காலாவதியானது, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். சில வாரத்தில் அதே முகவரியில், எங்கள் பெயர், எங்கள் முகப்பு, எங்கள் ஐஎஸ்எஸ்என் எண்ணோடு ஒரு தளம் முளைத்தது. பழைய ஆசிரியர் குழுவின் பெயர்ப் பட்டியல்கூட அப்படியே இருந்தது. கீழே மட்டும் புதிதாக ஒரு வரி: கட்டுரை ஏற்கப்பட்டதும் கட்டணம் செலுத்தவும், வங்கிக் கணக்கு எண் இது. வெளியூர் ஆய்வு மாணவர் ஒருவர் பணம் கட்டிவிட்டு, கட்டுரை எப்போது வரும் என்று எங்களைக் கேட்டு எழுதியபோதுதான் எங்களுக்கே தெரிந்தது. அந்த மாணவருக்கு என்ன பதில் எழுதுவது? இன்றுவரை மனம் ஆறவில்லை.

ஆகவே இணைய முகவரி தனி ஆள் பெயரில் இருக்கக் கூடாது. கட்டுரைகளுக்கு நிரந்தர அடையாள எண் தரும் டிஓஐ கணக்கும் அப்படியே. எல்லாக் கட்டுரைகளின் பிடிஎஃப் பிரதியும் பல்கலைக்கழகத்துக்கு வெளியே ஒரு காப்பகத்தில் இருக்க வேண்டும். இணையத்தில் இதழ் நடத்துவதற்கான ஓஜேஎஸ் மென்பொருளை நீங்கள் பயன்படுத்தினால், அதை உருவாக்கிய பப்ளிக் நாலெட்ஜ் புராஜெக்டே காப்பக வலையமைப்பும் வைத்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள். கட்டுரைகளின் பதிப்புரிமையை எழுதியவர்களிடமே விட்டு, யாரும் பகிரலாம் என்று அனுமதிக்கும் படைப்பாக்கப் பொது உரிமத்தில் (கிரியேட்டிவ் காமன்ஸ்) வெளியிட்டால் நாளைக்கு யாராலும் பூட்டி வைக்க முடியாது.

நூலகத்தூண்

தம்பி சொன்ன கடைசி வரி மிக முக்கியம்.

அடிக்குறிப்பு

எல்லோருக்கும் நன்றி. கடைசிப்பக்கம் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். ஒரு இதழில் வரம்புக்குள் இருக்கிறோம், மற்றதில் கொஞ்சம் தாண்டியிருக்கிறோம். அடுத்த இதழிலேயே சரிசெய்துவிடுவேன்.

ஒரு சந்தேகம். பல்கலைக்கழகப் பணமே வேண்டாம், கட்டுரைக்குக் கட்டணம் வைத்துக்கொள்ளலாம் என்று சக ஊழியர் ஒருவர் சொல்கிறார். யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாமே என்கிறார். அது சரியா?

எண்கோணம்

தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள். கட்டணம் வந்துவிட்டால் ஏற்கும் ஒவ்வொரு கட்டுரையும் வருமானம், நிராகரிக்கும் ஒவ்வொன்றும் நஷ்டம். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மாதக் கடைசியில் அந்தக் கணக்கு உங்கள் காதில் ஓதும்.

'நியூரோஇமேஜ்' ஆசிரியர்கள் 2023-ல் நாற்பதுக்கும் மேற்பட்டோர் விலகியதே 3,450 டாலர் கட்டணத்தை எல்செவியர் குறைக்க மறுத்ததால்தான். எம்ஐடி பதிப்பகத்தில் 'இமேஜிங் நியூரோசயின்ஸ்' தொடங்கினார்கள். அதே ஆண்டு 'ஜர்னல் ஆஃப் பொலிட்டிக்கல் ஃபிலாசஃபி'யின் ஆசிரியர் ராபர்ட் குடினை வைலி பதிப்பகம் நீக்கியதும், குழுவில் பெரும்பகுதி வெளியேறியது. அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஓப்பன் லைப்ரரி ஆஃப் ஹியுமானிட்டிஸ். அங்கே கட்டுரையாளரும் பணம் தருவதில்லை, வாசகரும் தருவதில்லை. பல நூலகங்கள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தருகின்றன. எந்த ஒரு நூலகத்துக்கும் ஆசிரியரை மிரட்டும் அளவுக்குப் பங்கு கிடையாது.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2001-ல் 'மெஷின் லேர்னிங்' இதழின் குழுவிலிருந்து நாற்பது பேர் விலகினார்கள். அவர்கள் வளர்த்த 'ஜேஎம்எல்ஆர்' (ஜர்னல் ஆஃப் மெஷின் லேர்னிங் ரிசர்ச்) இன்றுவரை கட்டணமே இல்லாமல், பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பில், அந்தத் துறையின் முன்னணி இதழாக இருக்கிறது. செலவு பயப்படும் அளவுக்கு இல்லை. 2021-ல் வந்த வைரத் திறந்த அணுகல் ஆய்வின்படி, இரு பக்கமும் கட்டணம் இல்லாத இதழ்கள் உலகில் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கும் குறைவான செலவில் ஓடுகின்றன. அவ்வளவு சின்னத் தொகைக்காக ஒரு பல்கலைக்கழகம் தன் இதழின் நம்பகத்தன்மையை அடகு வைக்கச் சொல்வதுதான் எனக்குப் புரியவில்லை.

கடைசிப்பக்கம்

இதில் எண்கோணத்தோடு முழுக்க உடன்படுகிறேன்.

நூலகத்தூண்

இதழைப் பல்கலைக்கழகத்திலிருந்து பிரித்துத் தனி அறக்கட்டளையாகப் பதிவு செய்யலாமே என்ற யோசனை அடுத்து வரும் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன். 'கொலம்பியா லா ரிவியூ' அப்படித்தான் இருக்கிறது: பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமில்லாத, லாப நோக்கமற்ற தனி அமைப்பு, மாணவர்களே ஆசிரியர்கள். 2024 ஜூனில் பாலஸ்தீனம் பற்றிய ஒரு சட்டக் கட்டுரையை மாணவ ஆசிரியர்கள் வெளியிட்டதும், இதழின் இயக்குநர் குழு இணையதளம் முழுவதையும் இறக்கிவிட்டது. அந்தக் குழுவில் இருந்தவர்கள் பேராசிரியர்களும் முன்னாள் மாணவர்களும். வழக்கமான நடைமுறை பின்பற்றப்படவில்லை என்பது குழுவின் வாதம், முறைப்படிதான் செய்தோம் என்பது மாணவர்களின் வாதம். சில நாளில், குழுவின் அறிக்கையோடு தளம் திரும்பி வந்தது. தனி அமைப்பாக இருந்தும், ஒரு கட்டுரை பிடிக்காதபோது குழு என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதில் இரு தரப்புக்கும் ஒரே புரிதல் இல்லை. பதிவு எண் வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

அடிக்குறிப்பு

துறையின் பழைய கூட்டக் குறிப்பேடு ஒன்று கிடைத்தது. "பல்கலைக்கழகத்தின் சார்பில் துறை வெளியிடும்" என்று ஒரே ஒரு வரி. ஆக, இதழ் பல்கலைக்கழகத்துடையது என்று ஏற்றுக்கொண்டே பேசுவது என்று முடிவு செய்துவிட்டேன். உரிமையை மறுத்துச் சண்டை போட்டால் மற்றதெல்லாம் அடிபட்டுப் போகும்.

பதிவாளரிடம் கொடுக்க இதை எழுதி வைத்திருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"இதழின் பெயரும் இணைய முகவரியும் பல்கலைக்கழகத்துக்கு உரியவை. கட்டுரைகளின் தேர்வு, திருத்தம், வெளியீட்டு நேரம் ஆகியவற்றில் முடிவெடுக்கும் அதிகாரம் ஆசிரியருக்கு மட்டுமே உண்டு. கணக்கு ஆண்டுதோறும் சமர்ப்பிக்கப்படும். வெளியாகாத கட்டுரைகள் பற்றிய விவரம், மதிப்பாய்வில் பங்கு பெறாத எவருக்கும் தரப்படாது. ஆசிரியரின் பதவிக்காலம் நான்கு ஆண்டு. இடையில் நீக்க வேண்டுமானால் ஆலோசனைக் குழுவின் மூன்றில் இரு பங்கு ஒப்புதல் வேண்டும்."

கடைசிப்பக்கம்

நல்ல வரைவு. மூன்று திருத்தம் சொல்கிறேன். ஒன்று, ஆலோசனைக் குழுவில் பாதிக்கு மேல் வெளி நிறுவன ஆட்கள் என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்றில் இரு பங்கு என்பது ஒரே மாடியில் கிடைத்துவிடும். இரண்டு, நீக்குவதற்கான காரணங்களையும் எழுதுங்கள்: ஆய்வு நெறி மீறல், வேலையைச் செய்யாமல் விடுவது. ஒரு குறிப்பிட்ட கட்டுரையை வெளியிட்டது காரணமாகாது என்றும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். மூன்று, உங்கள் பல்கலைக்கழகத்தைப் பற்றிய கட்டுரைகளையும் உங்கள் துறையினர் அனுப்பும் கட்டுரைகளையும் வெளியிலிருந்து ஒரு துணை ஆசிரியர் கையாளட்டும். அது நிர்வாகத்திடமிருந்து உங்களைக் காக்கும், உங்களிடமிருந்து இதழையும் காக்கும்.

மெய்ப்புத்திருத்தி

நான்காவது என்னுடையது. மானியம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும்வரை மேலே எழுதிய எதுவும் நிற்காது. எதையும் தடுக்காமல், யாரையும் நீக்காமல், கோப்பை மேசையிலேயே வைத்திருந்தால் போதும், உதவியாளருக்குச் சம்பளம் நின்றுவிடும். மூன்றாண்டு மானியமாகக் கேளுங்கள். நிறுத்துவதானால் பன்னிரண்டு மாத முன்னறிவிப்பு என்றும் கேளுங்கள்.

அடிக்குறிப்பு

நான்கையும் சேர்த்துவிட்டேன். மூன்றாண்டு மானியத்துக்கு நிதிப் பிரிவு ஒப்புக்கொள்வது கடினம் என்று துறைத் தலைவர் சொல்கிறார். முன்னறிவிப்புக் காலத்தையாவது விட்டுக்கொடுக்காமல் கேட்போம் என்று பேசி வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து துணை ஆசிரியராக வர ஒருவர் சம்மதித்துவிட்டார். பதிவாளருடன் சந்திப்பு வரும் வியாழக்கிழமை. அதற்குள் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது என்பதைக் கணினிப் பிரிவில் கேட்டு வாங்க வேண்டும்.

தொகுப்பாளர்

பெயர் மட்டும் போதாது. காலாவதியாகும் தேதியையும், புதுப்பிப்பு அறிவிப்பு எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.